முருகம்மாளுக்கு ஆள் தேவை

இல்ல பூமாரி, நான் கேக்கேன், விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வருதான்னு கேட்டா நம்ம லைன் வீடுகள்ல எவ வரலைன்னு சொல்லுவா? மாவு யாரு எடுப்பா? இட்லி யாரு அவிப்பா? அஞ்சரைக்கு டப்பாவ சைக்கிள்ல கெட்டி ஆம்பளைகள மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் அனுப்பணும்னா மூணுக்கு எந்திரிச்சாத்தான் முடியும். இந்த ஃபாரத்த எழுதுனவன் ஒரு நாளாவது தாராவில படுத்துத் தூங்கிருப்பானா? ஏசி ரூம்ல உக்காந்து எழுதிட்டான். "கடந்த ரெண்டு வாரத்துல தூக்கம் கெட்டதுண்டா? இல்ல, சில நாளு, பாதி நாளுக்கு மேல, தெனமும்." நாலு கட்டம். ஏதாவது ஒண்ணுல டிக் போடணும். நம்ம லைன்ல எந்த வீட்ல கேட்டாலும் தெனமும்ங்கா. நான் உள்ளதத்தானே போட முடியும்? ஆபீஸ்ல சாதனா மேடம் என்னைக் கூப்ட்டு வச்சு, "மாரீஸ்வரி, உங்க லைன் முழுக்க டிப்ரெஷனா?"ங்காக. மேடம், அது டிப்ரெஷன் இல்ல, இட்லின்னேன்.

தள்ளி உக்காரு, அந்தப் பெஞ்சு ஆணி சேலையக் கிழிச்சிரும். ஆங், இப்படி. நம்ம நம்பரு பதினேழு, உள்ள இப்பத்தான் ஒம்பது போயிருக்கு. நேரம் கெடக்கு. அதுக்குள்ள உனக்கு எல்லாத்தையும் ஒருக்கா ஒழுங்காச் சொல்லிக் குடுத்துருதேன். உம் பேரு பூமாரி இல்ல, முருகம்மாள். வயசு நாப்பத்திரெண்டு... ஏன் முழிக்க? இருவத்தேழா நாப்பத்திரெண்டான்னு நெத்தியிலயா எழுதி ஒட்டிருக்கு? முந்தானைய தலை மேல இழுத்துவிட்டுக்கோ. மூஞ்சியக் கொஞ்சம் தொங்கப்போடு. எங்க, போடு பாப்போம்... இது பல்லு வலிக்காரி மூஞ்சில்லா. சரி, பரவால்ல, இதுவே போதும். இந்த டாக்டரம்மா புதுசு, வியாழக்கிழமை மட்டுந்தான் வாறாக. என்னையவே அவுகளுக்குத் தெரியாது, உன்னைய எங்க தெரியப் போவுது. சாதனா மேடத்துக்கு இன்னைக்கு வேற எங்கயோ மீட்டிங்கு. நமக்கு நல்ல நேரம்னு வச்சுக்கோயேன்.

கோவிச்சுக்கிடாத பிள்ள. மார்க்கெட்டுக்குத் துணைக்கு வான்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன், ஒத்துக்கிடுதேன். உள்ளதச் சொன்னா நீ வந்திருப்பியா? எங்க மேல்ரூமுக்குக் குடிவந்து உனக்கு இன்னும் ஒரு மாசங்கூட ஆகல. மனசு டாக்டர்ட்ட வேற ஒருத்தி பேர்ல வந்து உக்காருன்னா, அன்னைக்கே சட்டி பானையத் தூக்கிட்டு ஓடிருப்ப. நானா இருந்தா ஓடிருப்பேன்.

இந்த வேலைக்கு நான் வந்து எட்டு மாசமாச்சு. வீடு வீடாப் போயி, மனசு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதணும். மூணு நாளு ட்ரெய்னிங். சமோசா, சாயா எல்லாம் உண்டு. மனசுக்கு வாற சீக்கும் சீக்குதான், சுகரு பிபி மாதிரித்தான், வைத்தியம் இருக்கு, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, வெள்ளனே வந்தா வெள்ளனே கொறையும்... பாத்தியா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். டேப் ரெக்கார்டர் கணக்கா இருவது வீட்ல ஒப்பிக்கேன்லா. அதுக்கு என்ன மரியாதைங்க? ஒருத்தி, "எனக்குப் பைத்தியம்னு உங்கிட்ட எவ சொன்னா?"ன்னு கரண்டியோட வாரா. இன்னொருத்தி, "மனசு கெடக்கட்டும், முட்டு வலிக்கு கோலி, மாத்திரை ஏதும் வச்சிருக்கியா?"ங்கா. நைன்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் ஒரு பெரியாளு ஒம்பது கேள்விக்கும் "பரவால்ல, பரவால்ல"ன்னே சொல்லுதாரு. பரவால்லைக்குக் கட்டம் இல்ல அண்ணாச்சி, நாலுல ஒண்ணச் சொல்லுங்கன்னா, "அப்ப நாலுலயும் போட்டுக்கோ"ங்காரு. இப்படித் தொண்ட காயக் கத்தி ஒரு ஃபாரம் நெறைக்கதுக்கு முக்கா மணி நேரம் ஆவும்.

சனிக்கிழமைக்குள்ள இருவது ஃபாரம் குடுக்கணும். போன வாரம் பத்தொம்பது தேறிருச்சு. இருவதாவது வீட்டுக்காரங்க கோயில் கொடைக்கு ஊருக்குப் போயி, கதவு பூட்டிக் கெடக்கு. மணி நாலே முக்கா. அஞ்சுக்கு ஆபீஸப் பூட்டிருவாக. இனி எந்த வீட்டுக்கு நான் ஓட? அந்தப் பூட்டுன வீட்டுப் படியிலயே உக்காந்து, கள்ள ஓட்டுப் போடுத மாதிரி ஒண்ண நானே எழுதிட்டேன். பேரு, வாய்க்கு வந்தது முருகம்மாள். வயசு, கைக்கு வந்தது நாப்பத்திரெண்டு. ஒம்பது பதிலுக்கும் யோசிக்கவே இல்ல பிள்ள, கை பாட்டுக்கு ஓடுச்சு. ரெண்டே நிமிசம். ஊர்ல எல்லாரும் இந்த முருகம்மாள் மாதிரி இருந்துட்டா இந்த வேலை எவ்வளவு லேசுன்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல கால வைக்கேன், சாதனா மேடம் அந்த ஃபாரத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்காக. மேல செவப்பு மையில வட்டம். "யே முருகம்மாள் கோன் ஹை?" யாரு இந்த முருகம்மாள்னு கேக்காக. இருவத்தேழுக்கு இருவத்திரெண்டு மார்க்காம். பள்ளிக்கூடத்துல நான் வாங்காத மார்க்கு. இந்த ஏரியாலயே அவதான் மொத ரேங்க். இவள உடனே டாக்டர்ட்டக் கூட்டியாங்காக. ஊருக்குப் போயிட்டா மேடம்னேன். ஃபாரத்துல போன் நம்பர் இருக்குலா, உடனே அடிச்சிட்டாக. அது எந்த நம்பருங்க? எம் மவன் போட்ட பழைய சிம்மு, எம் போன்லயே ரெண்டாவதாக் கெடக்கு. எம் பைக்குள்ள இருந்து அம்மன் பாட்டு கெளம்புது, உடுக்குச் சத்தத்தோட. மேடம் என்னப் பாக்காக. நான் பையப் பாக்கேன். "போன எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கா மேடம், அவளுக்கு போன் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்கும்"னு ஒரு போடு போட்டேன். "ஓஹோ, அதுவேற இருக்கா?"ன்னு அதையும் ஃபாரத்து ஓரத்துல எழுதிக்கிட்டாக. என் வாய் இருக்கே.

வியாழக்கிழமைக்குள்ள கூட்டியாரலைன்னா நானே அவ வீட்டுக்கு வாறேன்ட்டாக. ஆளே இல்லாதவளுக்கு நான் வீட்டுக்கு எங்க போவேன்? ஒரு ஃபாரம் பொய்யின்னு தெரிஞ்சா மத்த ஃபாரத்த எவன் நம்புவான்? என் வேலைக் கார்டப் புடுங்கிருவாக. அந்தக் கார்டக் கழுத்துல மாட்டிக்கிட்டு வீட்ட விட்டு எறங்குத அந்த மூணு மணி நேரந்தான் பிள்ள, எனக்கு மூச்சு மூச்சா வாற நேரம். மத்த நேரமெல்லாம்... சரி, அத விடு.

மொதல்ல எங்க மதினி முத்துமாரியத்தான் கேட்டேன். வாறேன்னுதான் சொன்னா. வீட்ல வச்சு ஒரு ஒத்திகை பாத்தோம். நாந்தான் டாக்டரு. "சொல்லும்மா, உனக்கு என்ன செய்யுது?"ன்னேன். "மனசு பாரமா இருக்கு"ன்னு சொல்லணும், அம்புட்டுதான். "மனசு பா"ங்கா, வயித்தப் புடிச்சிட்டுச் சிரிக்கா. மறுபடி "மனசு பா"ங்கா, தரையில உருளுதா. அவளுக்கு இந்த சென்மத்துல அந்தச் சீக்கு வராது. அவ சிரிச்சதப் பாத்து நானும் சிரிச்சு, சிரிச்சு, கண்ணுல தண்ணி வந்து, அப்புறம் அந்தத் தண்ணி நிக்கவே மாட்டேன்ட்டு. அவ பயந்துபோயிட்டா. மிளகாய்க் கையால கண்ணத் தேச்சிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்பக் கேளு. டாக்டரம்மா எப்படி இருக்கீங்கன்னு கேப்பாக. நல்லா இருக்கேன்னு சொல்லிராத. நம்மாளுக எல்லாரும் அதுலதான் கோட்டை விடுதோம். என்ன சொல்லணும்னா... காலைல மாவக் கரைக்கும்போது உப்பு போட்டமா போடலையான்னு ஓர்மை இருக்க மாட்டேங்குன்னு சொல்லு. போட்டமோ என்னமோன்னு மூணு தடவை போட்டு, நூத்தம்பது இட்லியும் வாயில வைக்க முடியல. எங்க வீட்டுக்காரரு மாட்டுங்கா வரைக்கும் ஹாரன் அடிச்சிட்டுப் போயி, அங்க மொத வாடிக்கையே தூன்னு துப்பி, அம்புட்டையும் திருப்பிக் கொண்டாந்து எம்முன்னால டப்பாவத் தொறந்து வச்சாக. ஒரு வார்த்த ஏசல. ஏசிருந்தாக்கூடத் தேவலை.

என்னது? எங்க வீட்டுக்காரருன்னா சொன்னேன்? முருகம்மா வீட்டுக்காரரு. அவரும் இட்லிதான் விக்காரு. இங்கன எல்லாரும் இட்லிதானே விக்கோம்.

அடுத்து டிவி. புடிச்ச காரியத்துல புடிப்பு இல்லாமப் போவும், அதையும் கேப்பாக. நான் எட்டரைக்கு டிவி முன்னால தவறாம உக்காருவேன்... முருகம்மாள் உக்காருவா. கண்ணு அங்கதான் இருக்கும். அந்த நாடகத்துல பெரிய மருமவ செத்துப்போயி பதினஞ்சு நாளாச்சாம் பிள்ள. கருமாதி எல்லாம் காட்டிட்டானாம். இவ தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கா, இவளுக்குத் தெரியவே இல்ல. "பெரிய மருமவளக் காணுமே, ஊருக்குப் போயிருக்காளா?"ன்னு கேட்டு நான் வாங்குன ஏச்சு.

பொறவு ரயிலு. அத மறக்காமச் சொல்லணும். மவன் பாலம் தாண்டி வாஷியில வேலை பாக்கான், ரூம் எடுத்து அங்கனயே இருக்கான். அவனுக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு ஹார்பர் லைன்ல ஏறுதா. செம்பூர் வரைக்கும் நல்லாத்தான் போறா. மான்குர்ட் தாண்டுனா அந்தப் பெரிய பாலம் வரும்லா, கீழ தண்ணியா கெடக்கும். மான்குர்ட்ல வண்டி நிக்கும்போதே நெஞ்சு திக்கு திக்குங்கு. கையெல்லாம் எறும்பு ஊருது. வேர்த்து ஊத்துது. மூச்சு மேல ஏறுது, கீழ எறங்க மாட்டேங்கு. செத்தோம்டா சாமின்னு முறுக்கு டப்பாவோட குதிச்சு, ப்ளாட்பாரத்துப் பெஞ்சுல உக்காந்து, சாவத்தான் போறோம், வெறும் வயித்தோட எதுக்குப் போவணும்னு நாலு முறுக்கத் தின்னுட்டா. சிரிக்காத. சரி, சிரி... எனக்கும் சிரிப்பாத்தான் வருது. அரை மணி நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு. மறுநாளு ஈசிஜி எடுத்தா நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னுட்டாக. வெறும் வாயுதான்னு பக்கத்து வீட்ல சொன்னதக் கேட்டு ஒரு மாசம் ஓமத்தண்ணி. நான் கேக்கேன், வாயுக்கு மான்குர்ட் ஸ்டேஷன் எப்படிப் பிள்ள தெரியும்? பாலத்தக் கண்டா மட்டும் வாற வாயு உண்டா?

ட்ரெய்னிங்ல இதுக்குப் பேரு சொன்னாக. பதட்டத்துல வாறது, உசுருக்கு ஒண்ணும் செய்யாது, ஆனா கவனிக்கணும்னு. நோட்ல மார்ஜின் போட்டு அழகா எழுதிக்கிட்டேன். எழுதிட்டு அந்தப் பக்கத்த நாலா மடிச்சு வச்சிட்டேன். மவன் வீட்டுக்குப் போயி பத்து மாசமாச்சு. மாவு வேலைம்பேன், தலவலிம்பேன். "நான் தனியாப் போனது உனக்குப் புடிக்கலையாம்மா?"ன்னு போன்ல கேக்கான். பாலத்தத் தாண்ட முடியலடான்னு பெத்த பிள்ளைட்ட எப்படிச் சொல்ல?

முருகம்மா மவன்தான். எல்லாரு மவனும் வாஷிலதான் வேலை பாக்கானுவ.

மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருவாகளோன்னு பயப்படாத. வந்தவுக எல்லாருக்கும் மாத்திரை குடுக்கதில்ல. பாதிப்பேருக்குப் பேச வச்சே சரி பண்ணுதாகளாம். இத ட்ரெய்னிங்ல சொன்னதும் நான் எந்திரிச்சு, பேசுனா சொகமாவும்னா நான் இந்நேரம் பயில்வானா ஆயிருக்கணுமே மேடம்னேன். எல்லாரும் சிரிச்சாக. சாதனா மேடம் மட்டும் சிரிக்கல. "சும்மா பேசுதது இல்ல மாரீஸ்வரி, உள்ளதப் பேசணும், அத ஒருத்தர் கேக்கணும்"னாக. அதுக்கும் ஒரு சமோசாவ எடுத்து வாயில வச்சுக்கிட்டேன்.

என் வயசா? என் வயசு எதுக்கு இப்ப உனக்கு? நாப்பத்திரெண்டு. அதனால என்ன, ஊர்ல எத்தனையோ பேருக்கு நாப்பத்திரெண்டு. வந்த நாள்ல இருந்து வாயத் தொறக்காதவ இன்னைக்கு வக்கீல் கணக்கால்லா கேக்க.

எனக்கென்ன பிள்ள கொறை? அவுக குடிக்க மாட்டாக. மவன் நிமிந்துட்டான். கிரைண்டர் இருக்கு, வாசல்லயே குழாய் இருக்கு. காரணம்னு ஒண்ணு வேண்டாமா? காரணம் இல்லாம அழுதா அதுக்குக் கொழுப்புன்னுல்லா பேரு. காரணமே வேண்டாம், அது பாட்டுக்கு வரும்னு ட்ரெய்னிங்ல சொன்னாகதான். வீடு வீடா நானும் அதத்தான் சொல்லுதேன். அது அந்த வீட்டுக்காரங்களுக்கு. அதோட, மனசு சரியில்லாதவ ஒரு மூலையில சுருண்டு கெடப்பா. நான் என்னைக்குச் சுருண்டேன்? எங்க வீட்டுக்காரரே, "உனக்கென்ன, வாய் இருக்கு, பொழச்சுக்கிடுவ"ம்பாக. ஆனா அந்த எட்டாவது கேள்வி இருக்கு பாரு, அதுல ரெண்டு இருக்கும். பேச்சும் நடையும் மந்தமாப் போவுதா, இல்லாட்டி அதுக்கு நேர்மாறா, ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாமக் கெடந்து தவிக்கியான்னு. அந்த நேர்மாற எவளும் கவனிக்க மாட்டா. நானே வேகமா வாசிச்சிட்டுத் தாண்டிருவேன். நான் பேச்ச நிப்பாட்டுனா உள்ள ஒண்ணு பேச ஆரம்பிச்சிருது பூமாரி. அதக் கேக்கதுக்கு நான் பேசுததக் கேக்கலாம்.

ஒம்பதாவதா? அது எதுக்கு உனக்கு... அதுதான் அந்தச் செவப்பு வட்டத்தப் போட வச்சது. இப்படி இருக்கதுக்குப் போய்ச் சேந்துட்டாத் தேவலைன்னு தோணுச்சான்னு கேக்கும். யாரும் வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே நான் "இல்ல"ல டிக் போட்டுட்டு எந்திரிச்சிருவேன். மங்களகரமா முடிக்கணும்லா. முருகம்மாளுக்கு மட்டும் "சில நாளு"ல விழுந்துருச்சு. கை தவறிருச்சு. படியில உக்காந்து எழுதுனேன்லா, பேனா வழுக்கிருச்சு...

இல்ல பூமாரி. கை தவறல.

என்ன பிள்ள, கையப் போட்டு இப்படி இறுக்கிப் புடிக்க. எல்லாரும் பாக்காக. நான் அழல, இந்த ஃபினாயில் வாடை கண்ணக் கரிக்கி. விடு... இது என்ன, கேஸ் பேப்பர, டாக்டர் சீட்ட, எதுக்கு எங்கையில வைக்க? இது உன்னோடது. முருகம்மாளோடது. எங்க எந்திரிக்க? பதினாறு உள்ள போயாச்சு, அடுத்து நாமதான். தண்ணி வேணுமா? பாத்ரூமா? ஏ பூமாரி... ஏ...

போறத பாத்தீங்களா அண்ணாச்சி, கூட வந்தவ போறத. நீங்க பதினெட்டா? இப்பப் பதினேழக் கூப்புடுவாகளே, ஆளு இல்லைன்னா என்ன செய்வாக? அடுத்த வியாழக்கிழமையா? நீங்க வேணா எனக்கு முன்னால... வேண்டாமா. வாசல் கேட்டுல போயி நிக்கா பாருங்க. தலையில போட்ட முந்தானையையும் எடுத்துட்டா. வீட்டுக்கும் போவல, உள்ளயும் வரல. கம்பியப் புடிச்சிட்டு இங்கயே பாத்துட்டு நிக்கா. ஊமைக் குசும்பி.

இருக்கா சிஸ்டர், இருக்கா. ரெண்டு தடவை கூப்புடாதீங்க, காது கேக்குது. முருகம்மாள்தானே, இந்தா வாறா.

நமஸ்காரம் டாக்டரம்மா. இங்கன உக்காரட்டுமா? உங்க ஃபேன் நல்லா ஓடுதே, வெளிய இருக்கது சும்மா சத்தந்தான் போடுது, அதுக்குக் கீழ ஒரு பெஞ்சு, அந்தப் பெஞ்சுல ஒரு ஆணி... வேண்டாம். இத ஆரம்பிச்சா நான் முடிக்க மாட்டேன். எப்படி இருக்கேனா? நல்லா...

ஒரு நிமிசம் இருங்க. கொஞ்சம் சும்மா இருந்துக்கிடுதேன்.

டாக்டரம்மா, அந்த ஃபாரத்துல ஒரு தப்பு இருக்கு. பேரு முருகம்மாள் இல்ல, மாரீஸ்வரி. அத மட்டும் அடிச்சிட்டு எழுதிக்கோங்க. மத்த ஒம்பதும் சரிதான்.